இத்தாலில புதுசா குடித்தனமா? வீட்டுல இத்தாலியன் சமையல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

படிக்கவோ வேலைக்கோ இத்தாலி வந்து, ரெண்டு மூணு பேரோட ஒரு வீட்ட ஷேர் பண்ணிக்கிட்டு, ஊர்லேர்ந்து கொண்டு வந்த சாம்பார் பொடி தீரப் போற நேரத்துல "சரி, இந்த ஊர் சாப்பாட்டையே செஞ்சு பாப்போமே"ன்னு தோணும்ல, அப்போ படிக்கிறதுக்காக எழுதுனது இது. நான் இருக்கிறது டூரின்ல, அதனால மார்க்கெட் நேரமெல்லாம் இந்த ஊர் கணக்கு, மத்தது இத்தாலி முழுக்கப் பொருந்தும். யூடியூப்ல ரெசிபி கொட்டிக் கெடக்கு. ஆனா எந்த டப்பாவ எடுக்கணும், எதுல பன்னிக் கொழுப்பு இருக்கு, ஓவன் போட்டதும் ஏன் வீடே இருட்டாகுது, இதெல்லாம் யாரும் சொல்றதில்ல, நாமளே அல்லாடித்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இங்க ஒரு டிஷ்ஷுக்கு நாலஞ்சு சாமான்தான். தக்காளி சரியில்லன்னா மல்லித்தூள் தூக்கலா போட்டு சமாளிக்கிற வேலையெல்லாம் இங்க நடக்காது. அதனால கடைல சரியா வாங்குனாலே முக்கா சமையல் முடிஞ்ச மாதிரி. கீழ அடுப்ப விட லேபிளப் பத்தி அதிகமா இருக்கேன்னு தோணுச்சுன்னா அதுக்குக் காரணம் இதுதான்.

1. அடுப்பு, கரண்ட், பாத்திரம்

வீட்டு காண்ட்ராக்ட் கையெழுத்துப் போடும்போதே ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க: கேஸ், கரண்ட் பில் வாடகையில சேர்த்தியா இல்ல தனியா, அடுப்பு கேஸா இண்டக்‌ஷனா. தனின்னா ஓவன் அடிக்கடி போடறது பில்லுல தெரியும்.

அடுத்தது கரண்ட் லோடு. இங்க சாதாரண வீட்டுக்கு கனெக்‌ஷன் 3 கிலோவாட்தான் இருக்கும். ஓவன் ஒரு 2 கிலோவாட் இழுக்கும், தண்ணி சுட வைக்கிற கெட்டில் இன்னொரு 2, நடுவுல ரூம்மேட் வாஷிங் மெஷின் போட்டான்னா மீட்டர் ட்ரிப் ஆகி கரண்ட் போயிரும். அந்த மீட்டர், இவங்க கொந்தாத்தோரேன்னு சொல்றது, நிறைய பில்டிங்ல கீழ்த்தளத்துலயோ பேஸ்மென்ட்லயோ இருக்கும், அது எங்கன்னு குடி வந்த அன்னைக்கே ஓனர்கிட்ட கேட்டுப் பாத்து வெச்சுக்கோங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு மொபைல் டார்ச்ச அடிச்சுக்கிட்டு படி இறங்கித் தேடறது நல்லா இருக்காது. ஓவன் ஓடும்போது கெட்டில், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எதுவும் கூடாதுன்னு வீட்டுல ஒரு ரூல் போட்டுருங்க.

பாத்திரம் நிறைய வேணாம். அஞ்சு லிட்டர் புடிக்கிற உயரமான பானை ஒண்ணு, அகலமான பேன் ஒண்ணு (பாஸ்தாவ அதுலயே பெரட்டணும், சின்னதா வாங்கிடாதீங்க), வடிதட்டு, சீஸ் துருவி, கட்டை கரண்டி. பழசு பரவால்லன்னா டூரின்ல போர்த்தா பலாஸ்ஸோ மார்க்கெட் பின்னாடி சனிக்கிழமை சனிக்கிழமை பலோன்னு ஒரு பழைய சாமான் சந்தை நடக்கும், அங்க கனமான பேன் எல்லாம் சல்லிசா கெடைக்கும், பேரம் பேசலாம். காபிக்கு மோக்கா (அடுப்பு மேல வெச்சு காபி போடற பாத்திரம்) வாங்கறவங்க கவனிங்க, அலுமினியம் மோக்கா இண்டக்‌ஷன் அடுப்புல வேலை செய்யாது, ஸ்டீல் அடி உள்ளதா பாத்து வாங்கணும்.

2. முதல் தடவை கடைக்கு, செலவு எவ்ளோ

இதெல்லாம் இருந்தா ரெண்டு மூணு வாரம் ஓட்டலாம். விலை கடைக்குக் கடை மாறும், உத்தேசமா வெச்சுக்கோங்க:

பாஸ்தா அரைக் கிலோ பாக்கெட் ஒரு யூரோ முன்ன பின்ன, கொஞ்சம் நல்லதுன்னா ரெண்டு. ஸ்பகெட்டி மாதிரி நீளமானது ஒண்ணு, பென்னே மாதிரி குட்டையா ஒண்ணு. பெலாத்தி, அதாவது தோலுரிச்ச முழுத் தக்காளி, 400 கிராம் டப்பா ஒரு யூரோ பக்கம். எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் ஆயில் லிட்டர் ஆறுலேர்ந்து பத்து யூரோ, பட்ஜெட்ல பெரிய அடி இதுதான். பார்மிஜானோ சீஸ் கிலோ இருபது யூரோ சுமாருக்கு வரும், பயப்படாதீங்க, 200, 300 கிராம் துண்டா வாங்குனா போதும், ஃபிரிட்ஜ்ல வாரக்கணக்குல இருக்கும். கல்லுப்பு ஒரு கிலோ ஒரு யூரோவுக்கும் கீழ. ரிசோத்தோ அரிசி ஒரு கிலோ மூணு நாலு யூரோ. அப்புறம் கொண்டைக்கடலை, பீன்ஸ் டப்பா, பூண்டு, வெங்காயம், காஞ்ச மிளகாய். எல்லாம் சேத்து முதல் பில்லு முப்பது யூரோ சொச்சம் வரும், அதுக்கப்புறம் வாராவாரம் ரொம்பக் கம்மிதான்.

யூரோஸ்பின், லிடில் மாதிரி கடைல பாஸ்தா, டப்பா ஐட்டம், உப்பு, பால் எல்லாம் தாராளமா வாங்கலாம். எண்ணெயும் சீஸும் மட்டும் ஆஃபர் வர வரைக்கும் காத்திருந்து கொஞ்சம் நல்லதா வாங்குங்க. எக்ஸ்பைரி நெருங்குன சாமான்ல 30, 50 பர்சன்ட் ஸ்டிக்கர் ஒட்டி வெப்பாங்க, சீஸுக்கு அது லாட்டரிதான்.

கடைக்குள்ள புதுசா வரவங்க மாட்டுற ரெண்டு இடம். ஒண்ணு, காய்கறி செக்‌ஷன்ல வெறும் கையால தொடக்கூடாது, பிளாஸ்டிக் கிளவுஸ் வெச்சிருப்பாங்க. எடுத்து கவர்ல போட்டு (கவருக்கு பில்லுல ஒண்ணு ரெண்டு சென்ட் ஏறும்), விலைப் பலகையில இருக்கிற நம்பர ஞாபகம் வெச்சு, தராசுல அந்த நம்பர அமுக்கி, வர ஸ்டிக்கர ஒட்டணும். இதச் செய்யாம கேஷ் கவுண்டருக்குப் போனீங்கன்னா பின்னாடி கியூவே உங்களத்தான் பாக்கும். சில கடைல கவுண்டர்லயே எடை போட்டுருவாங்க, முன்னாடி இருக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துக்கோங்க. ரெண்டாவது, சீஸ் கவுண்டர்ல முதல்ல நம்பர் சீட்டு கிழிக்கணும். அங்க கணக்கு எத்தோ, அதாவது 100 கிராம். "உன் எத்தோ"ன்னா நூறு, "தூயே எத்தி"ன்னா இருநூறு. கிராம்ல சொல்லித் திணற வேணாம். விலையும் சில இடத்துல எத்தோவுக்குத்தான் எழுதியிருக்கும், கிலோ விலைன்னு நெனச்சு சந்தோஷப்பட்டு நிறைய வெட்டச் சொல்லிடாதீங்க.

3. லேபிள்தான் இங்க டாகுமென்ட்

பாஸ்தா: காஞ்ச பாஸ்தான்னா இத்தாலில டூரம் கோதுமை ரவையிலதான் செய்யணும்னு சட்டமே இருக்கு, அதனால விலை கம்மியானதுகூட மோசமில்ல. பாக்கெட்ல "த்ரஃபிலாத்தா அல் ப்ரோன்ஸோ"ன்னு போட்டிருந்தா வெண்கல அச்சுல பிழிஞ்சதுன்னு அர்த்தம், மேல சொரசொரன்னு மாவு பூத்த மாதிரி இருக்கும், சாஸ் நல்லா ஒட்டும். இருபது முப்பது சென்ட் அதிகம்னா குடுக்கலாம். கூடவே வேகற நிமிஷம் பெருசா போட்டிருப்பாங்க, அதத்தான் நம்பணும், ஆன்லைன் ரெசிபில போட்டிருக்கிற நிமிஷத்த இல்ல.

தக்காளி: நாலு விதம் பக்கத்து பக்கத்துல அடுக்கியிருக்கும். பெலாத்தி முழுசு, போல்பா நறுக்குனது, பஸ்ஸாத்தா வடிகட்டுன சாறு, கொன்சென்த்ராத்தோ ட்யூப்ல வர பேஸ்ட். முதல்ல பெலாத்தியோட ஆரம்பிங்க, கையாலயே நசுக்கிக்கலாம். சான் மர்ஸானோங்கிற பேர் போன தக்காளி வேணும்னா டிஓபி முத்திரை (அந்தந்த ஊர்ல விளைஞ்சதுன்னு உறுதி சொல்றது) இருக்கான்னு பாருங்க, அந்தப் பேர மட்டும் பெருசா போட்டு முத்திரை இல்லாததுக்கு அதிகக் காசு குடுக்க வேணாம்.

எண்ணெய்: "எக்ஸ்த்ராவெர்ஜினே"ன்னு முழுசா போட்டிருக்கணும். வெறும் "ஓலியோ தி ஒலிவா"ன்னா சுத்திகரிச்ச எண்ணெய் கலந்தது, "ஸான்ஸா"ன்னா பிழிஞ்ச சக்கையிலேர்ந்து எடுத்தது. பின்பக்கம் சின்ன எழுத்துல எந்த நாட்டு ஒலிவுன்னு இருக்கும், முன்னாடி இத்தாலிக் கொடி கலர் அடிச்சிருந்தாலும் பின்னாடி ஐரோப்பிய யூனியன் எண்ணெய்க் கலவைன்னு எழுதியிருக்கலாம். தப்பில்ல, ஆனா அதுக்கு ஏத்த விலைதான் குடுக்கணும். பஜ்ஜி, வடை சுட இதத் தொடாதீங்க, கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ வாங்குங்க.

சீஸ்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ துண்டு வாங்கும்போது ஓரத்துத் தோலுல புள்ளி புள்ளியா அந்தப் பேர் குத்தியிருக்கும், துண்டுல பாதி எழுத்துதான் இருந்தாலும் தெரியும். 12 மாசத்துக்குக் கம்மியா இருந்தா அந்தப் பேரே போடக்கூடாது, 24 மாசம் வாங்குனா எல்லாத்துக்கும் ஆகும். கிரானா படானோ கொஞ்சம் விலை கம்மி, 9 மாசத்துலேர்ந்து கெடைக்கும், தினசரிக்கு அதுவே போதும்ங்கிறது என் கருத்து. துருவி பாக்கெட்ல அடைச்சு விக்கிற பேரில்லாத சீஸ் தூள் பக்கம் போகாதீங்க. அந்தத் தோலையும் தூக்கிப் போடாதீங்க! மேல லேசா சுரண்டிட்டு, பீன்ஸ் சூப்போ மினெஸ்த்ரோனேவோ கொதிக்கும்போது உள்ள போட்டீங்கன்னா ஒரு மணி நேரத்துல மெத்துனு ஆகி சூப்புக்கே ஒரு கனம் வந்துரும், அத எடுத்து நறுக்கி சாப்பிடவும் செய்யலாம்.

தேதி: "எந்த்ரோ"ன்னு மட்டும் இருந்தா அந்தத் தேதிக்குள்ள சாப்பிட்டாகணும். "ப்ரெஃபெரிபில்மென்தே எந்த்ரோ"ன்னு இருந்தா அதுக்கப்புறமும் சாப்பிடலாம், ருசி கொஞ்சம் கொறையும் அவ்ளோதான். பாஸ்தா, டப்பா எல்லாம் ரெண்டாவது வகை.

முட்டை: ஓட்டுலயே நம்பர் அச்சடிச்சிருக்கும். முதல் நம்பர் 0 ஆர்கானிக், 1 வெளிய மேயற கோழி, 2 கொட்டகை, 3 கூண்டு. கார்போனாரா, திரமிசு மாதிரி முட்டைய முழுசா வேக வைக்காத ஐட்டம் செய்யறவங்க முட்டை புதுசான்னு பாத்து வாங்குங்க.

4. வெஜிடேரியன், பன்னி சாப்பிடாதவங்க: இத அவசியம் படிங்க

நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாம மாசக்கணக்குல போகுது. பார்மிஜானோ, கிரானா படானோ, பெக்கொரினோ ரொமானோ மூணு சீஸுமே கன்னுக்குட்டி இல்ல ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கிற ரெனட் போட்டு உறைய வெக்கிறது. பாலும் உப்பும்தான்னு நெனச்சு வாங்குறோம். கிரானா படானோவுல முட்டையிலேர்ந்து எடுக்கிற லைசோசைமும் இருக்கும், லேபிள்லயே போட்டிருப்பாங்க, பார்மிஜானோவுல அது கெடையாது. ரெனட்டத்தான் இங்க காலியோன்னு சொல்வாங்க. சுத்த சைவம்னா "காலியோ வெஜெத்தாலே" இல்ல "மிக்ரோபிக்கோ"ன்னு எழுதியிருக்கிற சீஸ் தேடணும். வெறும் "காலியோ"ன்னு மட்டும் போட்டிருந்தா மிருகத்துதுன்னே வெச்சுக்கோங்க. மஸ்கார்போனே க்ரீம் சீஸ்ல ரெனட் கெடையாது, தைரியமா வாங்கலாம்.

அடுத்தது ஸ்த்ரூத்தோ, பன்னிக் கொழுப்பு. பியாதினா ரொட்டி, சில ஃபொக்காச்சா, சில க்ரிஸ்ஸினி குச்சி, பிஸ்கட் மாதிரி உப்பு ஐட்டம், இதுலெல்லாம் இருக்கலாம். பேக்கரில லூஸா வாங்கும்போது "சே லோ ஸ்த்ரூத்தோ?"ன்னு கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தொர்தெல்லினி (பூரணம் அடைச்ச குட்டி பாஸ்தா) உள்ள அடைச்சிருக்கிறது வழக்கமா பன்னிக் கறிதான். கீரையும் ரிக்கோத்தாவும் வெச்ச தொர்தெல்லோனின்னா கறி இல்ல, ஆனா உள்ள கிரானா இருக்கும். பாட்டில்ல வர பெஸ்தோவுலயும் (பசிலிக்கோ இலை அரைச்ச பச்ச சாஸ்) அதே கிரானாதான், அதோட விலை கம்மியான பாட்டில்னா பைன் கொட்டைக்குப் பதிலா பெரும்பாலும் முந்திரியும் சூரியகாந்தி எண்ணெயும் இருக்கும், நட்ஸ் அலர்ஜி உள்ளவங்க கவனம். பானா கொத்தாங்கிற க்ரீம் இனிப்புல ஜெலட்டின் இருக்கும், அதுவும் மிருகத்துதுதான்.

இவ்ளோ இருக்கேன்னு மலைக்காதீங்க, தொட்டதெல்லாம் கறின்னு இல்ல. பாஸ்தா எ செச்சி (கொண்டைக்கடலை), அல்யோ ஒலியோ (பூண்டும் எண்ணெயும் போட்ட பாஸ்தா), கபொனாத்தா (புளிப்பு கத்திரிக்கா கூட்டு மாதிரி), சீஸ் இல்லாத தக்காளி பாஸ்தா, பொலெந்தாவும் (சோள மாவுக் களி) காளானும், எல்லாம் சைவமா செஞ்சுக்கலாம், விலையும் கம்மி.

5. மார்க்கெட்டுக்கு எப்போ போறது

போர்த்தா பலாஸ்ஸோ ஐரோப்பாவுலயே பெரிய திறந்தவெளி மார்க்கெட்கள்ல ஒண்ணு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் காலைல மட்டும், மதியம் கடையக் கட்டிடுவாங்க, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருக்கும், ஞாயிறு கெடையாது. கட்டப் போற நேரத்துக்குப் போனா பெட்டியோட தள்ளி விடுவாங்க, ஆனா பாத்து எடுக்க முடியாது. பக்கத்துலயே விவசாயிங்க தாங்க விளைவிச்சத கொண்டு வர ஒரு பகுதி தனியா இருக்கு, கொஞ்சம் விலை கூட, ஆனா கோடையில அங்க வாங்குற தக்காளி வேற லெவல்.

இங்கயும் காய நம்ம தொடக்கூடாது, கடைக்காரர்தான் எடுத்துப் போடுவாரு. வெண்டைக்கா நுனிய ஒடிச்சுப் பாக்கிற கைய பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கோங்க. நாலஞ்சு ஐட்டம் வாங்குனதும் "ஓதோரி"ன்னு கேட்டுப் பாருங்க, ஒரு கேரட், ஒரு செலரி தண்டு, கொஞ்சம் பார்ஸ்லி, நம்மூர்ல கறிவேப்பில கொத்தமல்லி கொசுறு மாதிரி சில கடைல சும்மாவே போட்டுத் தருவாங்க. அத வெங்காயத்தோட பொடிசா நறுக்கி எண்ணெய்ல வதக்குனா ஸொஃப்ரித்தோ, பாதி இத்தாலியன் சமையலுக்கு அதுதான் அடி.

சின்னக் கடைங்க மதியம் பன்னெண்டரை ஒரு மணிக்கு மூடுனா மூணரைக்கு மேலதான் தொறக்கும். ஆகஸ்ட்ல ரெண்டு மூணு வாரம் ஷட்டர் போட்டுட்டு ஊருக்குப் போயிடுவாங்க. 15ஆம் தேதி எதுவும் எதிர்பாக்காதீங்க.

6. முதல் டிஷ்: தக்காளி பாஸ்தா, ரெண்டு பேருக்கு

கணக்கு சிம்பிள்: ஒரு ஆளுக்கு 80லேர்ந்து 100 கிராம் பாஸ்தா, 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணி, லிட்டருக்கு 10 கிராம் உப்பு. தண்ணில எண்ணெய் ஊத்தாதீங்க, சாஸ் வழுக்கிட்டுப் போயிரும்.

முதல்ல சாஸ். அகலமான பேன்ல மூணு ஸ்பூன் ஆலிவ் ஆயில், நசுக்குன பூண்டு ஒரு பல், ரெண்டையும் சேத்து அடுப்புல வெச்சு சின்னத் தீ. நம்ம கை தானா பூண்ட செவக்க வுடும், வுடாதீங்க, ஓரம் லேசா பொன்னிறம் எட்டிப் பாக்கும்போதே நசுக்குன பெலாத்திய ஊத்திருங்க. உப்பு, ரெண்டு துளசி மாதிரி இருக்கிற பசிலிக்கோ இலை. பதினஞ்சு இருபது நிமிஷம், அவ்ளோதான். எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கிற வரைக்கும் சுண்ட வெச்சா அது தக்காளி தொக்கு, சப்பாத்திக்கு நல்லா இருக்கும், இங்க வேணாம். வெங்காயம் போடணும்னா பூண்ட எடுத்துருங்க, ரெண்டுல ஒண்ணு. சீரகம், மல்லித்தூள், சாட் மசாலா எதுவும் முதல் பத்து தடவைக்குப் போடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன், அப்புறம் உங்க இஷ்டம். மிளகாய் தாராளமா போடலாம், தெற்கு இத்தாலி கலாப்ரியாக்காரங்க காரத்துல நம்மளோட போட்டி போடற ஆளுங்க.

தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்ச பிறகு உப்பு, அப்புறம் பாஸ்தா. முதல் நிமிஷம் கிளறி விடுங்க, இல்லன்னா ஒட்டிக்கும். பாக்கெட்ல 10 நிமிஷம்னா எட்டாவது நிமிஷம் ஒண்ண எடுத்துக் கடிச்சுப் பாருங்க, நடுவுல ஊசி முனை அளவு வெள்ளையா தெரியும், அப்பவே ஒரு கிளாஸ் தண்ணிய எடுத்து வெச்சுட்டு வடிச்சு நேரா சாஸ் பேன்ல போடுங்க. பச்சத் தண்ணி ஊத்திக் கழுவவே கூடாது. அந்த மாவுத் தண்ணிய கொஞ்சங் கொஞ்சமா விட்டு ரெண்டு நிமிஷம் பெரட்டுனா சாஸ் தனியா ஓடாம பாஸ்தாவ புடிச்சுக்கும். அடுப்ப அணைச்சுட்டு சீஸ், மேல பச்ச எண்ணெய் ஒரு சுத்து. ஆறுனா வீணாப் போயிரும், அதனால ரூம்மேட்ட டேபிள்ல உக்கார வெச்சுட்டுதான் வடிக்கணும்.

7. ரிசோத்தோ: அரிசிய கழுவாதீங்க

மூணு தண்ணில கழுவிப் பழகுன நமக்கு இதான் கஷ்டம். அந்த மேல்மாவுதான் க்ரீமியா வரதுக்குக் காரணம், கழுவுனா போச்சு. அர்போரியோ இல்ல கர்னரோலி வாங்குங்க, புதுசா செய்யறவங்களுக்கு கர்னரோலி, கொஞ்சம் ஏமாந்தாலும் கொழையாது. டூரின்லேர்ந்து மிலான் போற ரயில்ல வெர்செல்லி, நோவாரா பக்கம் பாத்தீங்கன்னா வயலெல்லாம் தண்ணி நிக்கும், அங்க வெளையிற அரிசிதான். பாஸ்மதி, பொன்னி ரெண்டுமே இதுக்கு ஆகாது.

அரிசிய வெண்ணெயில ரெண்டு நிமிஷம் சூடேற வறுத்து, அரை கிளாஸ் ட்ரை ஒயிட் ஒயின் (வேணாம்னா விட்டுட்டு கடைசில நாலு சொட்டு எலுமிச்சை), அப்புறம் கொதிக்கிற சூட்டுல இருக்கிற காய்கறித் தண்ணிய கரண்டி கரண்டியா ஊத்திக்கிட்டே பதினாறு பதினெட்டு நிமிஷம். ஆறுன தண்ணி ஊத்துனா வேகறது நின்னு போயிரும். கடைசில அடுப்ப அணைச்சுட்டு ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த சில்லு வெண்ணெய், சீஸ், நல்லா அடிச்சுக் கலக்கணும். தட்டச் சாய்ச்சா மெதுவா நகரணும், பொங்கல் மாதிரி குவிஞ்சு நின்னா இன்னும் ஒரு கரண்டி தண்ணி விடுங்க.

8. அடுத்து எந்த வரிசையில

அல்யோ ஒலியோ, பாஸ்தா எ செச்சி, அப்புறம் கார்போனாரா. கார்போனாராவுல க்ரீம் கெடையாது, முட்டை, பெக்கொரினோ, மிளகு, குவாஞ்சாலே (பன்னி கன்னக் கறி) அவ்ளோதான், அடுப்ப அணைச்ச பிறகுதான் முட்டைய ஊத்தணும், இல்லன்னா முட்டைப் பொடிமாஸ். காச்சோ எ பேபே (சீஸும் மிளகும் போட்ட பாஸ்தா) மூணே சாமான்னு எல்லாரும் முதல்ல அதத்தான் புடிப்பாங்க, அது கடைசிக்கு வைங்க, சூடு கொஞ்சம் கூடுனாலும் சீஸ் திரண்டு ரப்பர் உருண்டையாயிரும்.

பீட்சா செய்யறவங்களுக்கு ஒரே எச்சரிக்கை: ஈஸ்ட் வாங்கும்போது "லியேவித்தோ தி பிர்ரா"ன்னு இருக்கணும். ஃபிரிட்ஜ் பக்கம் 25 கிராம் கட்டியா இருக்கும், இல்ல 7 கிராம் பொடி பாக்கெட். "பெர் தோல்ச்சி"ன்னு இருக்கிறது கேக்குக்குப் போடற பேக்கிங் பவுடர், நிறைய பிராண்டுல வெனிலா வாசனை வேற சேத்திருப்பாங்க, மாவும் பொங்காது, பீட்சா பிறந்தநாள் கேக் மாதிரி மணக்கும். வீட்டு ஓவன் 250 டிகிரிதான் போகும், அதனால கடை பீட்சா மாதிரி வட்டமா முயற்சி பண்ணாம ட்ரேல தடிமனா போடுங்க, ஓவன முழு சூட்டுல அரை மணி நேரம் முன்னாடியே வெச்சு (வாஷிங் மெஷின் ஆஃப் தானே?).

9. மிச்சமும் குப்பையும்

பொரிச்ச எண்ணெய சிங்க்ல ஊத்தாதீங்க. ஆற வெச்சு பழைய பிளாஸ்டிக் பாட்டில்ல சேத்து வைங்க, ரொம்புனதும் முனிசிபாலிட்டி குப்பை மையத்துல போடலாம், சில சூப்பர் மார்க்கெட் வாசல்லயும் அதுக்குன்னு தொட்டி இருக்கும். காய்த் தோல், காபித் தூள் எல்லாம் மக்கற பையில தனியா, பேப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி தனித்தனியா. மாத்திப் போட்டா அபார்ட்மென்ட் மொத்தத்துக்கும் ஃபைன் வரலாம், மேல் வீட்டு பாட்டி கதவத் தட்டி யார் போட்டதுன்னு கேப்பாங்க. மிஞ்சுன பாஸ்தாவ ஃபிரிட்ஜ்ல வெச்சு மறுநாள் ரெண்டு முட்டை, கொஞ்சம் சீஸ் சேத்து பேன்ல ஊத்தி ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு சுட்டா ஃப்ரித்தாத்தா, லஞ்ச் பாக்ஸுக்கு ஆறுனாலும் நல்லா இருக்கும்.